பெயரைக் கேட்டதும் நின்ற கொத்தனார்

திரையில் வட்டம் சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது.

அரங்கில் இருந்தவர்கள் முதலில் தொண்டையைச் செருமினார்கள். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடையில் நின்றிருந்த தலைமைப் புரோகிராமர், எல்லோரும் சீஃப் என்று கூப்பிடும் அம்மா, மவுஸைத் தட்டினார். மறுபடி தட்டினார். செக்கு மாடாவது நடுவில் மூச்சு வாங்கும். இந்த வட்டம் அதற்கும் நிற்பதாயில்லை.

முன்வரிசையில் இருந்து தலைமை நர்ஸ் எழுந்தார். சின்னச் சின்ன மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து வைத்திருந்த கூட்டமைப்பின் சார்பில் வந்தவர் அவர்.

"போன தடவையும் இதே கதைதான். நோயாளி பேரைப் போட்டோம், வயசைப் போட்டோம், மருந்து எழுதற பக்கம் வந்ததும் நின்னுபோச்சு. நிஜமாவே ஒரு நோயாளி எதிர்ல உட்கார்ந்திருந்தா என்ன பண்றது? அவரையும் இப்படிச் சுத்திக்கிட்டே இருக்கச் சொல்றதா?"

சிரிப்பலை எழுந்தது. சீஃப்பின் முகம் சுண்டிப்போனது.

"நாளைக்கு ஒரு தடவை மட்டும் பாருங்க," என்றார்.

"நாளைக்கும் நின்னா, நாங்க பேப்பரும் பேனாவுமாவே இருந்துக்கறோம். அது பாதியில நிக்காது." நர்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் அரங்கமே காலியானது.

கடைசி வரிசையில் இரண்டு பேர் மட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மூக்கி. எதிலும் மூக்கை நுழைக்கிறாள் என்று சின்ன வயதில் அண்ணன் வைத்த பெயர் அது. துப்பறியும் தொழிலுக்கு வந்தபோது, கேலிப் பெயரையே பலகையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்தவன் அவளுடைய உதவியாளன் மௌனி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவன் என்பதால் அந்தப் பெயர். முன்பு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். வாடிக்கையாளர்களிடம் வாய் கொடுத்தே கடையை மூடியவன்.

"மேடம், விஷயத்தைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க," என்றான் மௌனி. "உங்க அண்ணன் கம்பெனி செய்யற கருவிக்குப் பேர் கொத்தனார். ஆபீஸ்காரங்க தங்களுக்கு வேண்டிய மென்பொருளைச் செங்கல் அடுக்கற மாதிரி அதுல தாங்களே கட்டிக்கலாம். ஆனா வீடு கட்ட மனை வேணுமே? அந்த மனைதான் சர்வர்."

"சரி."

"இத்தனை நாளா ஒரே ஒரு பெரிய நிறுவனத்தோட சர்வர்லதான் கொத்தனார் கட்டும். வாடகை கொடுத்து மாளாது. இங்க எல்லாரும் அந்த நிறுவனத்தைப் 'பெரிய வீடு'ங்கறாங்க. இப்போ சீஃப் புதுசாச் செஞ்சிருக்கறது என்னன்னா, காசே இல்லாம யாரும் எடுத்துக்கக்கூடிய, திறந்து பார்த்துத் திருத்திக்கக்கூடிய சர்வர்லயும் கொத்தனார் கட்டும். திறந்த சர்வர்."

"ரொம்பச் சரி."

"அவங்க பெரிய வீடுன்னா, இது சின்ன வீடா மேடம்? அதான் பாதியில மாட்டிக்குது."

"வாயை மூடு."

மூக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வழக்கு அவளுக்கு விளையாட்டல்ல. காணாமல் போன நாய்க்குட்டி, பெண் பார்க்கும் வீட்டைப் பற்றிய விசாரணை என்று பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தவள் அவள். வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், அண்ணன் ஆரம்பித்துவிடுவான்: "என் தங்கச்சிகிட்ட சொல்லுங்க, உங்க தொலைஞ்ச செருப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுப்பா." அப்படிப்பட்ட அண்ணன் போன வாரம் தானே போன் செய்து, "ஒரு சிக்கல், நீதான் வரணும்" என்றான். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மூக்கி புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

*

சீஃப்பின் அறை ஜன்னலே இல்லாத ஒரு மூலை. சீஃப்பும் அண்ணனும் கல்லூரியில் ஒரே பெஞ்சு. கொத்தனாரின் முதல் வடிவத்தை இருவரும் சேர்ந்து எழுதினார்கள். கம்பெனியில் ஆளுக்குப் பாதி. அண்ணன் வியாபாரத்துக்குப் போனான். சீஃப் கடைசிவரை எழுதுகிற நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வாம்மா. நீயே பாரு."

அவர் தன் மேஜைக்கு அடியில் இருந்த பழைய பெட்டியைக் காட்டினார். அதிலும் திறந்த சர்வர்தான். கொத்தனாரை ஓட்டினார். பெயர், வயது, மருந்து, ரசீது என்று பக்கம் பக்கமாக வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு தடங்கல் இல்லை.

"இங்க ஓடுது. அரங்கத்துல நிக்குது. அதே கொத்தனார், அதே திறந்த சர்வர். யாரோ கை வெச்சிருக்காங்கன்னு நான் தலையால தண்ணி குடிச்சுச் சொல்லிட்டேன். உன் அண்ணன் நம்ப மாட்டேங்கறான். வெளியில இருந்து துப்பறியற ஆள் வந்தே ஆகணும்னு நான் ஒத்தைக்கால்ல நின்ன அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டான்."

"இந்தப் பெட்டி ரொம்பப் பழசு போலிருக்கே?" என்றான் மௌனி, அதைத் தடவிப் பார்த்து. "இதுக்குப் பேரன் பேத்தியே இருக்கும்."

சீஃப் லேசாகச் சிரித்தார். "ராசியான பெட்டி. பழைய கொத்தனார், பெரிய வீட்டு சர்வர் தவிர வேற எதையும் வாசல்லயே விடாது. அதனால இந்தப் பெட்டியை, 'நான் பெரிய வீடு'ன்னு பொய் சொல்ல வெச்சுத்தான் உள்ள நுழைச்சேன். அப்படி ஏமாத்தித்தான் இந்த வேலையையே ஆரம்பிச்சேன்."

"கொத்தனார்ல யார் யார் கை படும்?" என்று கேட்டாள் மூக்கி.

"நான் எழுதுவேன். மாப்பிள்ளை எல்லாத்தையும் சேர்த்துக் கட்டுவான். உன் அண்ணன் கடைசியா தன்கிட்ட இருக்கற சாவியால டிஜிட்டல் முத்திரை வெச்சு வெளியில விடுவான். வேற யாரும் தொட முடியாது."

மாப்பிள்ளை என்பது அடர்ந்த மீசை வைத்த ஒரு புரோகிராமர். பெரிய வீட்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். பெரிய வீட்டிலிருந்து வந்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

வராந்தாவுக்கு வந்ததும் மௌனி கிசுகிசுத்தான். "அவனேதான் மேடம். பூனையைக் கூட்டிட்டு வந்து பாலுக்குக் காவல் வெச்சிருக்காங்க. கேஸ் முடிஞ்சுது, காபி சாப்பிடலாம்."

"அவ்வளவு சுலபமா இருந்தா சீஃப்பே கண்டுபிடிச்சிருப்பார்."

அரங்கத்துக்கான சர்வர் இருந்த அறையின் வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மௌனி உள்ளே கால் வைத்ததும் கை நீட்டித் தடுத்தார்.

"பார்வையாளர் உள்ள போகக் கூடாது."

மௌனியின் கழுத்துப் பட்டையில் 'பார்வையாளர்' என்று இருந்தது. மூக்கியின் பட்டையில் 'நிர்வாகம்.' முதலாளியின் தங்கை என்பதால் வரவேற்பில் அப்படிக் கொடுத்திருந்தார்கள்.

"ஒரு நிமிஷம் மேடம்." மௌனி தன் பட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினான், அவளுடையதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். காவலாளியின் கண்ணெதிரே, மூஞ்சிக்கு நேராக. பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு அடி வைத்தான்.

காவலாளி எழுந்து வணக்கம் வைத்தார். மூக்கி பின்னால் போனபோது கை நீண்டது.

"பார்வையாளர் உள்ள போகக் கூடாதும்மா."

மௌனி உள்ளேயிருந்து கைகொட்டிச் சிரித்தான். "பரவாயில்ல, விடுங்க. என்கூடத்தான் வந்திருக்காங்க. கொஞ்சம் நல்ல பொண்ணு."

மூக்கி கோபப்படவில்லை. நட்ட நடுவாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன மேடம், மனசு புண்பட்டுடுச்சா?"

"மௌனி, அவர் நம்ம மூஞ்சியைப் பார்க்கல. கழுத்துல தொங்கற பேரைத்தான் பார்த்தார்."

"ஆமா. அதுக்குத்தானே அவருக்குச் சம்பளம்."

"கொத்தனார் சர்வர்கிட்டப் பேச ஆரம்பிக்கும்போது சர்வர் முதல்ல என்ன சொல்லும்?"

"'வணக்கம், நான் இன்னார்'னு தன் பேரைச்..." மௌனியின் வாய் பாதியில் நின்றது. அது அபூர்வம். "மேடம்! சீஃப்போட பெட்டி பொய்ப் பேர் சொல்லுது!"

"அரங்கத்துப் பெட்டி உண்மைப் பேர் சொல்லுது."

அதற்குப் பிறகு மௌனி பேசவில்லை, விரல்கள்தான் பேசின. அரங்கத்து சர்வரில் கொத்தனாரை ஓட்டினான். மருந்து எழுதும் பக்கம் வந்ததும் வட்டம் சுழல ஆரம்பித்தது. சர்வர் சொல்லும் பெயரை மட்டும் 'பெரிய வீடு' என்று மாற்றினான். வேறு எதையும் தொடவில்லை. மறுபடி ஓட்டினான். ரசீதுவரை குதிரை மாதிரி ஓடியது. உண்மைப் பெயரைத் திருப்பி வைத்தான். நின்றது.

"திறந்த சர்வர் மேல ஒரு குத்தமும் இல்ல மேடம். அதோட பேரைக் கேட்டா மட்டும் கொத்தனாருக்குக் கை இழுத்துக்குது. யாரோ உள்ள சொல்லி வெச்சிருக்காங்க. அதுவும் வாசல்லயே தடுக்கல, பாருங்க. உள்ள விட்டு, உபசரிச்சு, பாதியில கழுத்தைப் பிடிச்சிருக்காங்க. அப்பத்தானே, 'பாவம், முயற்சி பண்ணிச்சு, முடியல'ன்னு ஊர் சொல்லும்?"

இது கோளாறு இல்லை. கூட இருந்தே பறித்த குழி. ரகசியமாக, பொறுமையாக, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பறித்த குழி.

"யாருன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு," என்றாள். "மூணு பேர்ல ஒருத்தர். பேரை வெச்சு மாட்டிவிட்டவங்களைப் பேரை வெச்சே பிடிக்கலாம். நாளைக்கு அரங்கத்து சர்வருக்குப் பேர் ராசிக்காகப் புதுப் பேர் வைக்கப்போறோம்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா, ரகசியமாச் சொல்லணும். ஆளுக்கு ஒரு வேற பேர்."

மௌனியின் கண்கள் விரிந்தன. "குத்தமில்லாதவங்க கேட்டா, 'லூசு'ன்னு சிரிச்சிட்டுப் போயிடுவாங்க. குத்தம் செஞ்சவங்களுக்குத்தான் வயித்தைக் கலக்கும். பேர் மாறினா பொறி வேலை செய்யாதே! புதுப் பேரையும் சேர்த்துத் தடுத்தாகணும்."

"சீஃப்புக்கு ஆமை. மாப்பிள்ளைக்கு முயல்."

"உங்க அண்ணனுக்கு?"

"அவனுக்கு எதுக்கு? சொந்த வீட்டுக்கு யாராவது கொள்ளி வைப்பாங்களா?"

"மேடம், நீங்க சொல்லிக்கொடுத்ததுதான். கை பட்டவங்க மூணு பேர்னா மூணு பேரையும் சோதிக்கணும். இல்லைன்னா நாளைக்கு மாப்பிள்ளையே கேப்பான், 'முதலாளியை மட்டும் ஏன் விட்டீங்க'ன்னு."

அவள் அரை மனதாகத் தலையாட்டினாள். "சரி. அண்ணனுக்கு மயில்."

*

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். "முயலா? ஓடற பேரா வெச்சிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு."

சீஃப் தலையில் அடித்துக்கொண்டார். "படிச்ச பொண்ணு, நீயுமா இதையெல்லாம் நம்பறே? ஆமையாம்! என்னவோ பண்ணு. ஓடினாச் சரி."

அண்ணன் தன் அறையில் போன் பேசிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வா மூக்கி, ஏதாவது மோப்பம் பிடிச்சியா?" என்றான்.

"ஒண்ணும் கிடைக்கல அண்ணா. எனக்கென்னவோ அந்த சர்வரோட பேர் ராசி சரியில்லைன்னு தோணுது. நாளைக்கு அரங்கத்துல அதுக்கு மயில்னு புதுப் பேர் வைக்கறோம். அது தன்னை மயில்னுதான் சொல்லிக்கும். யார்கிட்டயும் சொல்லிடாதே, சிரிப்பாங்க."

அண்ணன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு புன்னகைத்தான். "வைங்க, வைங்க. நல்லதுதான். அந்த நம்பிக்கையாவது இருக்கட்டும்."

வெளியே வந்ததும் மௌனி கேட்டான். "சிரிச்சாரா?"

"இல்ல. நல்லதுன்னு சொன்னான்."

"உங்க அண்ணனா? நீங்க தும்மினாக்கூட அதை வெச்சு நாலு ஜோக் அடிக்கற மனுஷன், நீங்க சர்வருக்குப் பேர் ராசி பார்த்ததை அப்படியே விட்டுட்டாரா?"

"வயசாகுது. அனுசரணையா இருக்கான்," என்றாள் மூக்கி. அதைச் சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது.

*

மறுநாள் காலை, கூட்டம் வருவதற்கு முன்பே முத்திரை வைத்த புதிய கொத்தனார் வந்து சேர்ந்தது. சர்வர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மௌனி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"முதல்ல யாரு?"

"முயல்."

சர்வர் தன்னை முயல் என்று சொல்லிக்கொண்டது. பெயர், வயது, மருந்து, ரசீது. ஓடியது.

"மாப்பிள்ளை தப்பிச்சான். பெரிய வீட்டுல பொறந்தாலும் பையன் சொக்கத்தங்கம். அடுத்து?"

மூக்கி நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். சீஃப்பாக இருந்துவிட வேண்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக உடனே வெட்கப்பட்டாள்.

"ஆமை."

பெயர், வயது, மருந்து, ரசீது. ஆமை முயலைவிட வேகமாகவே ஓடியது.

மௌனி திரும்பி அவளைப் பார்த்தான். ஜோக் எதுவும் சொல்லவில்லை. "இதோட நிறுத்திக்கலாமா மேடம்?"

"மயிலைப் போடு."

பெயர். வயது. மருந்து எழுதும் பக்கம்.

வட்டம் சுழன்றது.

*

அவள் கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். அண்ணன் கண்ணாடி முன் நின்று கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"மயில் நின்னுபோச்சு அண்ணா."

"அடடா. பேர் ராசியும் கைகொடுக்கலையா?"

"முயல் ஓடுது. ஆமை ஓடுது. முயல்னு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். ஆமைன்னு சீஃப்கிட்ட சொன்னேன். மயில்ங்கற பேரு இந்த உலகத்துல உனக்கு மட்டும்தான் தெரியும்."

கண்ணாடியில் அவன் கை நின்றது. அவன் மழுப்புவான், சத்தம் போடுவான், மாப்பிள்ளை மேல் பழி போடுவான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தாள் என்ன, ஆசைப்பட்டாள். ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா, கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டிருக்கலாமே என்றிருந்தது. அவன் மெதுவாகத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கதவைச் சாத்து."

சாத்தினாள்.

"பெரிய வீடு நம்ம கம்பெனியை வாங்கப்போகுது. கொத்தனார் அவங்க சர்வர்ல மட்டும் ஓடற வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு. யார் வீட்டு மனையில வேணும்னாலும் கட்டும்னு ஆயிட்டா, அவங்க எதுக்கு வாங்கறாங்க?"

"அப்போ சீஃப்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஒத்துக்குவாளா? பாதிக் கம்பெனி அவளோடது. அவ கையெழுத்து இல்லாம ஒண்ணும் நடக்காது. தோத்துட்டோம்னு அவளே மனசார நம்பினாத்தான் கையெழுத்துப் போடுவா. அதனாலதான் நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சேன்."

"எப்போ பேசி முடிச்சே?"

"அவ இதை எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

மூக்கி சுவரில் சாய்ந்துகொண்டாள். ஜன்னல் இல்லாத அந்த மூலை அறை ஞாபகம் வந்தது. ஒரு மனுஷி உட்கார்ந்து உயிரைக் கொடுத்து எழுதியதை, எழுதும் முன்பே விலை பேசிவிட்டு, அடுத்த அறையில் இருந்தபடி வேடிக்கை பார்த்திருக்கிறான்.

அவள் மனதில் இன்னொரு கேள்வி முள்ளாய் நின்றது. அதைக் கேட்காமல் போய்விடலாம் என்று நினைத்தாள். வாய் கேட்டுவிட்டது.

"எல்லாம் தெரிஞ்சவன், துப்பறிய என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"அவதான் பிடிவாதம் பிடிச்சாளே, யாராவது வரணும்னு."

"அதான் கேக்கறேன். என்னை எதுக்கு?"

அண்ணன் மேஜையைப் பார்த்தான். "நல்ல ஆளா வந்தா மாட்டிக்குவேனே."

யாரோ அவளைக் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படிக் காது அடைத்திருக்காது. அம்மா தெருவெல்லாம் சொன்னதும், இவள் புதுச் செருப்பு வாங்கியதும், "நீதான் வரணும்" என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்ததும் வரிசையாக வந்து முன்னால் நின்றன. அவன் அவளை நம்பித்தான் கூப்பிட்டிருக்கிறான். அவளால் முடியாது என்பதை நம்பி.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல," என்றான் அண்ணன், குரலைத் தழைத்து. "'கோளாறு திறந்த சர்வர்லதான், யாரும் கை வைக்கல'ன்னு சொல்லிடு. நீ சொன்னா அவ நம்புவா. ஆயிரம் இருந்தாலும் நீ என் கூடப் பிறந்தவ."

"நீயும்தான் என் கூடப் பிறந்தே," என்றாள் மூக்கி. கதவைத் திறந்துகொண்டு நடந்தாள்.

*

சீஃப்பிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. எதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் சீஃப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா சீஃப்."

"இது முடியாதுன்னு நான் எத்தனையோ தடவை விட்டுடப் பார்த்தேன்மா. ஒவ்வொரு தடவையும் அவன்தான் வந்து, 'உன்னால முடியும், விடாதே'ன்னு சொல்லுவான். சாப்பிட்டியான்னு கேப்பான். நான் அழுதப்போ பக்கத்துல உட்கார்ந்திருக்கான்." அவர் குரல் உடையவில்லை, வறண்டுபோயிருந்தது. "பாதியிலயே என்னை விட்டுட விட்டிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். முடிச்சுட்டுத் தோக்கணும்னு எழுதவெச்சிருக்கான் பாரு."

வாசலில் நின்ற மௌனி மெதுவாகச் சொன்னான். "கூட்டம் வந்துட்டிருக்கு சீஃப். நர்ஸம்மா முன்வரிசைல உட்கார்ந்தாச்சு. இன்னைக்கும் பேப்பரும் பேனாவும் கையோட கொண்டு வந்திருக்காங்க, ஜாக்கிரதையான மனுஷி."

சீஃப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மாப்பிள்ளையைக் கூப்பிடு. பேரைப் பார்க்கற அந்த வரிகளை எடுக்கணும். முத்திரையை அவன்கிட்ட இருந்து நானே வாங்கிட்டு வரேன்."

எப்படி வாங்கினார், என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் அறைக்குள் போனார். உடனே வெளியே வந்தார். கையில் முத்திரைச் சாவி இருந்தது.

அரங்கத்தில் திறந்த சர்வர் அன்று எந்தப் பொய்ப் பெயரும் சொல்லவில்லை. தன் சொந்தப் பெயரையே சொன்னது. தலைமை நர்ஸை மேடைக்கே வரவழைத்து அவர் கையில் மவுஸைக் கொடுத்துவிட்டார் சீஃப். பெயர், வயது. மருந்து எழுதும் பக்கம் வந்தபோது நர்ஸ் தன்னையறியாமல் கையை எடுத்துவிட்டார். பக்கம் திறந்தது. ரசீது வந்தது. நர்ஸ் மறுபடி முதலில் இருந்து ஒருதரம் செய்தார், அப்புறம் இன்னொரு தரம், வேண்டுமென்றே தப்புத் தப்பாகத் தட்டிப் பார்த்தார். எதற்கும் நிற்கவில்லை.

முதலில் எழுந்து கைதட்டியது அண்ணன்தான். பிறகுதான் அரங்கம் தட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் எல்லோரிடமும் அடக்கமாகத் தலையசைத்தான்.

கைதட்டல் அடங்கியதும் சீஃப் மைக்கைப் பிடித்தார்.

"ரெண்டு தடவை உங்க முன்னாடி இது ஏன் நின்னுச்சுன்னு நீங்க கேக்கணும். கேக்காமலே உங்க நோயாளிகளை இது கையில ஒப்படைக்கக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடிச்சவங்க இங்கயே இருக்காங்க. அவங்களே சொல்லுவாங்க."

தலைகள் எல்லாம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. மூக்கி எழுந்தாள். நடைபாதை நீளமாக இருந்தது. முன்வரிசையைத் தாண்டும்போது அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். பயந்தவனின் சிரிப்பு அல்ல அது. வீட்டில் நாலு பேர் முன்னால், இவள் என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்பு. அவள் சொல்லமாட்டாள் என்று இப்போதும் அவனுக்கு நிச்சயமாக இருந்தது.

மேடையேறி மைக்கை வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணைச் சொல்லிடறேன். இந்தக் கம்பெனியோட முதலாளி என் கூடப் பிறந்த அண்ணன்."

முன்வரிசையில் இருந்தவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். அண்ணனும் சிரித்தபடியே தலையாட்டினான்.

பிறகு, அவனிடமிருந்து பார்வையை எடுக்காமல், மீதியையும் சொன்னாள்.